தேரிக்காட்டு வண்டிக்கு ஒரு ஆமென்

அத்தியாயம் பதினான்கு

சண்டை போடக் குழாயடி வேண்டும், தெருமுனை வேண்டும் என்று நினைக்கிறவர்கள், தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி பொன்னுதுரையின் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும். அங்கே பாய் விரித்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சண்டை போடுவார்கள்.

ஒருவர் ஜெபம் செய்யும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே வாயைத் திறந்தவர் சொன்னது சொன்னதுதான். பால் பாத்திரத்தைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கும்படி பொன்னுதுரையின் மனைவி ஜீவமணி ஆண்டவரிடம் விண்ணப்பம் வைப்பாள். பூனைக்கு ஊற்றினாலும் ஊற்றுவேன், ஓரகத்திக்கு ஊற்றமாட்டேன் என்கிறவர்களின் கல் நெஞ்சைக் கரைக்கும்படி, பொன்னுதுரையின் தம்பி மனைவி அன்னப்பழம் பதில் விண்ணப்பம் வைப்பாள். இரண்டுக்கும் சேர்த்துப் பொன்னுதுரை 'ஆமென்' சொல்லி முடிப்பார். ஆண்டவர் எந்தக் கட்சிக்குத் தீர்ப்புச் சொன்னார் என்று இதுவரை தகவல் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அன்னப்பழம் பாலையும் பூனையையும் விட்டுவிட்டுப் பெரிய சரக்கையே இறக்கிவிட்டாள் என்று போன வாரம் பார்த்தோம்.

"ஆண்டவரே, இந்த வீட்டு இளகின கருப்பட்டி எந்தப் பானைக்குப் போவுதுன்னு உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

அன்று ராத்திரி முழுக்க ஜீவமணி அவள் வாயை அடைக்க என்ன கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டாள்.

மழைக்காலத்தில் இளகிப்போகும் கருப்பட்டியை எந்த வியாபாரியும் சீந்தமாட்டான். சிவனாண்டி ஒருவன்தான் நல்ல விலை சொல்லி எடுத்தான். ஆறுமுகநேரிப் பக்கத்து ஆள், தொழில் தேரிக்காட்டில். அந்தச் செம்மணல் மேட்டில் பனையும் பாம்பும் போக மிச்சம் இருப்பது சாராய ஊறல் பானைகள்தான் என்பது சர்க்கார் உட்பட எல்லாருக்கும் தெரியும். பொன்னுதுரையோ வேதக்கோயில் கமிட்டி மெம்பர். பாதிரி ஐயர் வெளியூர் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் வாசிக்கிறவரும் அவரே.

இது இத்தனை நாள் வீட்டுக்குள் கிடந்த அழுக்கு. இப்போது வாசலில் கல்யாணம் நின்றது. மகள் ஜெபகனிக்கு நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் விக்டரைப் பேசி முடித்து, கோயிலில் இரண்டு ஞாயிறு விவாக ஓலை வாசித்தாகிவிட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்று ஐயர் கேட்டபோது யாரும் நிற்கவில்லை. மூன்றாவது ஓலை நாளை.

அதைக் காதால் கேட்டுப் போக மாப்பிள்ளையின் தாய் ஞானவடிவு டீச்சர் இன்று வருகிறாள். புருஷனைத் தேரிக்காட்டுச் சாராயத்துக்கு வாரிக்கொடுத்தவள். குடிக்கிற வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவள்.

சனிக்கிழமை காலை அடுக்களையில் அன்னப்பழம் உலைக்கு அரிசி களைய உட்கார்ந்தாள். களையுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து மூலைப் பானையில் போட்டாள். யுத்தம் வந்து, அரிசிக்கு ரேஷன் வந்து, வீட்டில் எல்லா அளவும் சுருங்கிவிட்டது. அந்தப் பிடி மட்டும் சுருங்கவில்லை. அவள் கை அப்படி.

ஜீவமணி சாத்தான்குளத்துச் சந்தையில் வளர்ந்தவள். பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்பான் என்பதை அப்பன் கடையில் தவழ்ந்தபோதே கற்றவள். ஆனால் டீச்சர் ஏறி வருகிற, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ் நாலு மணிக்கு வந்துவிடும். அவளே முதலில் கேட்டாள்.

"உனக்கு என்னளா வேணும்?"

"நான் என்னத்தைக்கா கேட்டேன்?" என்றாள் அன்னப்பழம், அரிசியில் கல் பொறுக்கியபடி.

ஜீவமணி விலையை ஏற்றிக்கொண்டே போனாள். கடல்காற்று வருகிற மாடி அறையை ஒழித்துத் தருவதாகச் சொன்னாள். கல்யாணத்தன்று மணப்பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவது சித்திதான் என்றாள். இரண்டுக்கும் அன்னப்பழம் தலை நிமிரவில்லை. கடைசியில் ஜீவமணி மடியில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்தாள். அன்னப்பழத்தின் புருஷன் அருமைநாயகம் கொழும்புக் கடையில் மாட்டிக்கொண்டு மூன்று வருஷமாகிறது; கப்பல் டிக்கெட்டைவிட அண்ணனின் அனுமதிதான் அவனுக்குக் கிடைக்காத சரக்கு. கடையை அடைத்துவிட்டு ஊருக்கு வரச்சொல்லி இன்றைக்கே உன் அத்தானைக் கடிதம் எழுத வைக்கிறேன் என்றாள்.

அன்னப்பழத்தின் விரல் அரிசியில் அப்படியே நின்றது. படிந்தது பேரம் என்று ஜீவமணி நினைத்தாள்.

"எழுதச் சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லுவேனா?" என்றாள் அன்னப்பழம். "ஆனா அது வேற, இது வேற. அத்தான் நாளைக்கு நற்கருணை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கது."

"என்னது?"

"சாராயப் பானைக்குச் சரக்கு ஏத்துன கையால அந்தக் கிண்ணத்தைத் தொடப்படாது. பெஞ்சுலயே உக்காந்திருக்கட்டும். அப்ப நான் வாயைத் திறக்கல. எடுக்கத்தான் போறாகன்னா, இன்னைக்குச் சாயங்காலம் டீச்சர் முன்னால ஆண்டவர்கிட்ட விலாவாரியாச் சொல்லிருவேன்."

மகளுக்கு மூன்றாவது ஓலை வாசிக்கிற ஞாயிறு, எல்லாரும் எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணை ஞாயிறு, கமிட்டி மெம்பர் பெஞ்சில் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தால் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மத்தியானத்துக்குள் காரணம் தெருவுக்கு வந்துவிடும். எடுத்தாலும் நஷ்டம், எடுக்காவிட்டாலும் நஷ்டம். இப்படி ஒரு விலையை ஜீவமணி எந்தச் சந்தையிலும் கேட்டதில்லை.

"பெரிய பரிசுத்தவாட்டி," என்றாள். "நிச்சயத்துக்கு வந்தவங்ககிட்டப் பொண்ணுக்கு லேசா மாறுகண்ணுன்னு ஓதிவிட்டது யாருளா?"

"நான்தான்."

ஜீவமணி அதை எதிர்பார்க்கவில்லை.

"பொறாமையில சொன்னேன். அதனாலதான் ரெண்டு மாசமா நான் நற்கருணை எடுக்கல. நாளைக்கும் எடுக்க மாட்டேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க." அன்னப்பழம் சுளகைத் தட்டிவிட்டு எழுந்தாள். "உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுக்கணும். கேக்க மனசு வரல. உங்க மூஞ்சியப் பாத்தா வரவே மாட்டேங்குது."

பதினோரு மணிக்கு ஜீவமணி குதிரை வண்டி பிடித்து மண்டிக்கே போய்விட்டாள். வீட்டுப் பெண்கள் கால் வைக்காத இடம். கணக்கப்பிள்ளை பதறி எழுந்து வெளியே போனார். ஓலைச் சிப்பங்களுக்கு நடுவில் நின்று அவள் விஷயத்தைச் சொன்னாள்.

பொன்னுதுரை கொதித்தார். தம்பி பெண்டாட்டி தனக்கு நற்கருணைக்குத் தடை போடுவதா, ஐயருக்கே இல்லாத அதிகாரமா என்றார். கோயிலுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கிக் கொடுத்தது யார், அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதானே அவள் வேதம் வாசிக்கிறாள் என்றார். சிவனாண்டிக்கு இதுதான் கடைசி வண்டி, அதுவும் காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்டது என்றார். இரண்டு வருஷமாகப் போகிற எல்லா வண்டியும் கடைசி வண்டிதான்.

"நாளைக்கு மட்டும் தலைவலின்னு வீட்டுல இருந்துருங்களேன்," என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"மகளுக்கு ஓலை வாசிக்க அன்னைக்கு அப்பனுக்குத் தலைவலியா? நீ போ. அவ வாயை நீ பாத்துக்கோ. மிச்சத்தை நான் ஜெபத்துல பாத்துக்கிடுதேன்."

"நீங்க கொஞ்சமா ஜெபிச்சாப் போதும்."

"நாப்பது வருசமா ஜெபிக்கேன். எனக்கா நீ சொல்லித் தாரே?"

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவரைப் போல ஜெபிக்க ஊரில் ஆள் கிடையாது. வெளியூருக்குப் போன சரக்கு கைக்குக் கை சேருகிறவரை ஆண்டவர் பொறுப்பு என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு வண்டியையும் ஊரும் மூட்டையும் சொல்லித்தான் ஒப்படைப்பார். விலாசம் தப்பினால் சரக்குத் தப்பும் அல்லவா? சிவனாண்டியின் வண்டிக்கு மட்டும் இரண்டு பெயர். விடியற்காலையில் தனி அறையில் முழங்காலிடும்போது 'தேரிக்காட்டுக்குப் போகிற வண்டி.' சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் 'தெற்கே போன வண்டி.' ஆண்டவருக்கு ஒரு பில், வீட்டாருக்கு ஒரு பில்.

நாலு மணிக்கு வரவேண்டிய கரி பஸ் ஐந்துக்கு வந்தது. ஞானவடிவு டீச்சர் முகமெல்லாம் புகைக்கரியோடு இறங்கினாள். ஒல்லியான பெண்பிள்ளை, வெள்ளைச் சேலை, பேச்சு குறைவு. முகம் கழுவினாள், கருப்பட்டிக் காபியை வாங்கிக் குடித்து நன்றாயிருக்கிறது என்றாள். ஜெபகனியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என்ன படித்தாய் என்று கேட்காமல் எதற்குப் பயப்படுவாய் என்று கேட்டாள். ஜெபகனி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதை மரியாதை என்று ஜீவமணி எடுத்துக்கொண்டாள்.

துறைமுக ஊராதலால் யுத்தகால இருட்டடிப்புச் சட்டம்; ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. விளக்கு ஏற்றுமுன் ஜன்னல்களில் கறுப்புக் காகிதத்தைச் சாத்திவிட்டு, ஆறு மணிக்கே ஜெபத்துக்குப் பாய் விரித்தார்கள்.

"சங்கிலி ஜெபமா வச்சுக்கிடலாமே," என்றாள் டீச்சர். "வட்டமா ஒவ்வொருத்தரும் ஜெபிச்சு, கடைசி ஆள் பரமண்டல ஜெபத்தோட முடிக்கட்டும்."

ஜீவமணி இதையும் எதிர்பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். டீச்சர், அடுத்து பொன்னுதுரை, அடுத்து தான், அப்புறம் ஜெபகனி, கடைசியில் அன்னப்பழம் என்று உட்கார வைத்தாள். மகள் முடித்த மாத்திரத்தில் அன்னப்பழம் மூச்சை இழுக்குமுன் தானே பரமண்டல ஜெபத்தை ஓங்கிய குரலில் எடுத்துவிட வேண்டியது. ஒருவர் எடுத்தால் எல்லாரும் கூடச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏலத்தில் சுத்தியல் விழுந்த பிறகு எவள் என்ன விலை கேட்டு என்ன?

அன்னப்பழம் அந்த ஏற்பாட்டைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு முழங்காலிட்டாள்.

டீச்சரின் ஜெபம் மூன்றே வரியில் தீர்ந்துவிட்டது. களைப்பாய் இருக்கிறேன், இந்த வீட்டாரை எனக்குத் தெரியாது, தெரியவேண்டியதை நீரே தெரியப்படுத்தும் என்றாள். தலைமை டீச்சராய் இருந்தவளிடம் இவ்வளவுதானா சரக்கு என்று ஜீவமணிக்கு ஒரு நிமிஷம் இளக்காரமாய்க்கூட இருந்தது.

அடுத்து பொன்னுதுரை. ஆதாம் தொடங்கி எல்லாப் பாவிகளையும் ஒரு மூட்டையாகக் கட்டி, அதில் தன்னையும் ஒருவனாகச் செருகினார். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை மொத்த வியாபாரமாக அறிக்கையிட்டார். சில்லறையில் ஒன்றையும் சொல்லவில்லை. ஜீவமணி மனதுக்குள் சபாஷ் போட்டாள். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு.

ஆனால் புதிய சம்பந்தி பக்கத்தில் முழங்காலில் நிற்கிறாள். குரல் தானாக உயர்ந்தது; குரல் உயர உயர நாற்பது வருஷத்துப் பழக்கம் அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கொழும்புத் தம்பியை ஒப்படைத்தார். மதுரைக்குப் போன சிப்பங்களை ஒப்படைத்தார். விருதுநகருக்கு ரயிலேறியதை ஒப்படைத்தார்.

"அப்படியே ஆண்டவரே, இன்று காலை தேரிக்காட்டுக்குப் போயிருக்கிற எட்டு மூட்டை இளகின கருப்பட்டியையும், வண்டியையும், மாட்டையும், சிவனாண்டி கையிலே சேருகிறவரைக்கும் வழியில் எந்தப் போலீஸ்காரன் கண்ணிலும் படாதபடிக்கு உம்முடைய சிறகுகளாலே மூடி…"

அங்கே அவருக்கே கேட்டுவிட்டது.

மூடிய சிறகு மூடியபடி நின்றது. எப்படியாவது அதை முடித்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஜீவமணி "ஆமென்" என்றாள். அவள் ஒருத்தி குரல்தான் கேட்டது.

இனி அவள் முறை.

நன்றி ஏறெடுக்கும் நேரத்துக்குள் ஒரு பொய்யை நெய்தாக வேண்டும். நெய்தாள். நாட்டு வைத்தியர் சிவனாண்டி காய்ச்சுகிற இருமல் லேகியத்தை ஆசீர்வதிக்கும்படி கேட்டாள். தேரிப் பக்கத்துப் பச்சிலைகளுக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். யுத்தகாலத்தில் கருப்பட்டி கொண்டு போகிறவர்களைக் காரணமில்லாமல் மடக்கும் போலீசாருக்கு இரக்க சிந்தையைத் தரும்படி வேண்டினாள். நல்ல பொய்; ஒரு இழைகூடப் பிசகாத பொய். விற்கிற சரக்கு எடுபடுகிறதா என்று பார்க்க இமையைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

டீச்சர் முழங்காலில் நின்றபடி, கண்ணைத் திறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீவமணி இமையை மூடிக்கொண்டாள். "இயேசுவின் நாமத்தில்" என்று முடித்தாள். பொன்னுதுரை முணுமுணுப்பாக ஆமென் சொன்னார்.

அடுத்து ஜெபகனி. இருபது வயதுவரை இந்த வீட்டு ஜெபத்தில் அவள் மனப்பாட வசனம் ஒன்றைத் தவிர எதுவும் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று ஜீவமணி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

"ஆண்டவரே, அது லேகியத்துக்கு இல்ல," என்றாள் ஜெபகனி.

ஜீவமணியின் கை மகளின் தொடையைத் தேடிப் போயிற்று.

"அந்தச் சாக்கு வாயெல்லாம் தைச்சது நான்தான். மண்டியில ஆளுங்க பாக்கக் கூடாதுன்னு அப்பா பின்கட்டுல வச்சுத் தைக்கச் சொல்லுவாங்க. மாட்டுத் தீவனம்னு சொன்னாங்க. எனக்கு முதல் மாசமே தெரியும். தெரிஞ்சும் தைச்சேன்."

"ஏளா, வாயை மூடு," என்றாள் ஜீவமணி. ஜெபத்தின் குறுக்கே அந்த வீட்டில் ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

ஜெபகனி நிறுத்தவில்லை. கிள்ளு வலித்திருக்க வேண்டும், தொடையை மட்டும் நகர்த்திக்கொண்டாள். "இந்த அத்தையோட வீட்டுக்காரர் எதுல இறந்தாங்கன்னு நிச்சயத்தன்னைக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை தைச்சேன். சொன்னா கல்யாணம் நின்னுரும்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆமென்."

"ஆமென்," என்றாள் டீச்சர். அதே நேரத்தில் அன்னப்பழமும் சொன்னாள்.

பரமண்டல ஜெபத்தை முந்தி எடுக்க வேண்டியவள் ஜீவமணி. இனி யார் வாயை அடைக்க? அன்னப்பழத்தின் நிலைமையும் அப்படித்தான். நேற்றிலிருந்து தீட்டிய கத்தியோடு வந்திருந்தாள். வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். பிறருக்கு மன்னிக்கிற இடம் வந்ததும் அவள் குரல் தட்டுத்தடுமாறி நின்றது. டீச்சர்தான் அந்த வரியை எடுத்துக் கொடுத்துத் தாண்டிவிட்டாள்.

எழுந்தார்கள். பொன்னுதுரை எழவில்லை. கால் மரத்துவிட்டதோ என்னவோ, பாயிலேயே கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரம்மா, வியாபாரம்னு இருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"அதை ஆண்டவர்கிட்டச் சொல்லியாச்சுல்லா? எனக்கு எதுக்கு?" என்றாள் டீச்சர். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். கடைக்கு வந்த ஆள் சரக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற மாதிரிச் சொன்னாள்.

பிறகு ஜீவமணியிடம் திரும்பினாள். "மயினி, எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம். நாளைக்கு ஐயர் ஓலை வாசிக்கும்போது நான் எந்திரிச்சு நிக்கணுமா, உக்காந்திருக்கணுமான்னு கேக்கணும். கேட்டுட்டு வாரேன்."

ஜீவமணிக்கு ஒரு நூல் கிடைத்தது போலிருந்தது. ஆள் யார் என்று தெரிந்தால் அந்த ஆளைப் பிடித்துவிடலாம். "யார்கிட்ட மயினி? மாப்பிள்ளைகிட்டயா? தந்தி அடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

"வேண்டாம். இந்த வீட்டுல இருந்து தினம் ரெண்டு வேளை சரக்கு ஏத்தி அனுப்புதீங்களே, அங்கதான்."

உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெபகனி பாயைச் சுருட்டினாள். மகளை அறைவதற்குக் கையை ஓங்கிய ஜீவமணி, அந்தப் பெண் விலகாமல் நின்றதைப் பார்த்து எங்கே அடிப்பது என்று தெரியாமல் கையை இறக்கினாள். அதைவிட அவசரமான காரியம் இருந்தது. கதவருகே போய்ப் பலகையில் காதை வைத்தாள். உள்ளே அந்த அம்மாள் என்ன கேட்கிறாள், எப்படிக் கேட்கிறாள் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். மற்றதை விடியுமுன் சரிக்கட்டிவிடலாம்.

உள்ளே முழங்கால் தரையில் படுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டு ஜெபமெல்லாம் பக்கத்து ஆளின் காதுக்காகவே செய்யப்பட்டவை. வாய்விட்டுச் சொல்லாத ஜெபத்தை எப்படி ஒட்டுக்கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காதை இன்னும் அழுத்தினாள்.

அடுக்களை நிலையில் வந்து நின்ற அன்னப்பழம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேக்குதாக்கா?"

குத்தலாகத்தான் கேட்டாள். ஜீவமணி வழக்கம்போல் திருப்பிக் குத்த வாயெடுத்தாள்; பிறகு காதைக் கதவிலிருந்து எடுத்தாள்.

"ஒண்ணும் கேக்கலளா," என்றாள்.